பிள்ளையைத் தூக்க வருபவர்களுக்கான கக்குவான் ஊசி: ரெயூனியனில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

முதலில் பிரசவத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கக்குவான் இருமலுக்கு எதிரான ஊக்க ஊசியைப் போட்ட அன்றே அது வேலை செய்வதில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் ஏறி நிற்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசி, மிகவும் ஆபத்தான அந்த முதல் நாட்களுக்கு உதவாது. ரெயூனியன் பிரான்ஸைச் சேர்ந்த தீவு; அந்நாட்டின் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு முதல் ஊசி இரண்டாம் மாதத்திலும், அடுத்தவை 4ஆம், 11ஆம் மாதங்களிலும் போடப்படுகின்றன. அதுவரை அதற்குத் தனக்கென ஒரு கவசம் இல்லை. தாயிடமிருந்து வாங்கி வந்ததும், சுற்றியிருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பதும்தான் காப்பு.

ஆகவே வரிசையில் முதல் இடம் தாய்க்குத்தான். கர்ப்ப காலத்தில் அவர் போட்டுக்கொள்ளும் ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்றுவிடுகின்றன. பிள்ளை பிறக்கும்போதே ஓரளவு பாதுகாப்போடு பிறக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மற்றொரு பிரெஞ்சுத் தீவான மயோத்தில் கக்குவான் பரவியபோது, 2018லேயே அங்குள்ள கர்ப்பிணிகளுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. பிரான்ஸின் உயர் சுகாதார ஆணையம் 2022 ஏப்ரலில் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதப் பகுதியிலிருந்து போடலாம் என்றாலும், 20ஆம் வாரத்திலிருந்து 36ஆம் வாரத்துக்குள் போடுவதே சிறந்தது. போன பிரசவத்தில் போட்டாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பொருட்கள் விரைவாகக் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு முறை போட வேண்டும். இது உயிருள்ள கிருமி கொண்ட ஊசி அல்ல என்பதால் கர்ப்பிணிகள் தயங்க வேண்டியதில்லை. தவறவிட்ட தாய், பிரசவம் ஆனவுடன், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை.

தாய் ஊசி போட்டு ஒரு மாதத்துக்கு மேல் கழிந்த பிறகு குழந்தை பிறந்தால், சுற்றத்தார் அனைவருக்கும் தனியாக ஊசி தேவையில்லை என்பது 2022ஆம் ஆண்டின் பரிந்துரை. அவர் போட்டுக்கொள்ளவில்லை என்றாலோ, போட்ட சில நாட்களிலேயே பிரசவமாகிவிட்டது என்றாலோ, சுமை முழுவதும் சுற்றத்தாரிடம் வந்துவிடுகிறது. தந்தை, தாத்தா பாட்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, அத்தை, வீட்டுக்கு வரும் தாதி என்று குழந்தையோடு நெருங்கிப் பழகும் எவரும் இதில் அடங்குவர். 2024இல் இத்தீவிலும் பிரான்ஸிலும் கக்குவான் மீண்டும் பரவியது. அப்போது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நெருங்குவோருக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும் என்று ஆணையம் சொன்னது. முன்பு பத்து ஆண்டுகளாக இருந்த இடைவெளி இப்படிப் பாதியாகியது. ஊசி போட்டவரும் சில சமயம் கிருமியைச் சுமந்து கடத்தக்கூடும் என்பதால், சுற்றத்தாரின் ஊசியைத் தாயின் ஊசிக்கு மாற்றாக எண்ணாமல், துணையாகவே எண்ண வேண்டும்.

அடுத்து, போட்ட ஊசிகளைப் பதிந்து வைக்கும் தடுப்பூசிக் கார்னேயை எடுத்துப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரான்ஸில் கக்குவானுக்கு என்று தனி ஊசி கிடையாது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி, போலியோ ஆகியவற்றோடு சேர்ந்தே வருகிறது. ரெப்பவாக்ஸ், பூஸ்ட்ரிக்ஸ்டெட்ரா ஆகிய இரண்டிலும் கக்குவான் இருக்கிறது. ரெவாக்ஸிஸ் என்பதில் இல்லை. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், கரும்புத் தோட்டத்தில் காலில் வெட்டுப்பட்டு அவசரப் பிரிவில் ரெவாக்ஸிஸ் போட்டுக்கொண்டவர், தமக்கு எல்லாம் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். அவர் ஒரு மாதம் கழித்துக் கக்குவான் சேர்ந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்; நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பிரான்ஸில் பெரியவர்களுக்கான வழக்கமான ஊக்க ஊசி 25, 45, 65 வயதுகளில் வரும். அதில் 25ஆம் வயதுக்குரியது கக்குவானையும் சேர்த்தது. சிறு வயதில் தமக்குக் கக்குவான் வந்து போனது, இனி வராது என்று சொல்பவர்களும் உண்டு. நோய் வந்து கிடைத்த எதிர்ப்பாற்றலும் காலப்போக்கில் தேய்ந்துவிடும்.

புதுச்சேரியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பேறுகாலத்துக்குத் துணையாக வரும் உறவினர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அரசு கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போடும் டிடி ஊசியில் ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் மட்டுமே உள்ளன, கக்குவான் இல்லை. எங்கள் வீட்டில் அத்தை, தாம் மூன்று பிரசவத்துக்கும் ஊசி போட்டவர் என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை, ஊசிதான் வேறு. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே, விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாகத் தனியார் மருத்துவரிடம், கக்குவானும் சேர்ந்த ஊசியை டிடேப் என்று பெயர் சொல்லிக் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கு வந்து போடுவதானால், கார்ட் வித்தால் என்னும் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர் ஊசியின் முழு விலையையும் தாமே கொடுக்க நேரிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குடியிருப்பவர்களுக்கு வேலை எளிது. 2023 ஆகஸ்ட் முதல் ஃபார்மஸிக்காரர், தாதி, சாழ்-ஃபாம் எனப்படும் பேறுகால மருத்துவச்சி ஆகியோர் 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியைத் தாமே எழுதிக் கொடுத்துப் போடவும் அதிகாரம் பெற்றிருக்கிறார்கள். எனவே சேன்த் ஆந்த்ரேயிலோ சேன் பியேரிலோ பக்கத்து ஃபார்மஸிக்குக் கார்னேயோடு போனாலே போதும். மருத்துவக் காப்பீடு விலையில் 65 சதவீதத்தைத் தரும். மீதியை முத்துயெல் (mutuelle) என்னும் துணைக் காப்பீடு பெரும்பாலும் ஈடுசெய்யும். ஊசி போட்ட கையில் ஓரிரு நாள் வலியும், சிலருக்கு இலேசான காய்ச்சலும் இருக்கும். முன்பு இதே வகை ஊசியால் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடுங்காய்ச்சல் உள்ளவர்கள் தள்ளிப்போடலாம்.

ஊசி போட்டாயிற்று என்பதற்காக இருமலோடு தொட்டிலருகே வர அனுமதிக்காதீர்கள். பெரியவர்களுக்குக் கக்குவான் வரும்போது, மூச்சை இழுக்கும்போது கேட்கும் அந்தக் கூவல் ஒலி பெரும்பாலும் இருப்பதில்லை. இரவில் அடங்காமல் தொடர்ந்து, சில வேளை வாந்தியில் முடியும் வறட்டு இருமல் வாரக்கணக்கில் இழுத்தால் சந்தேகிக்க வேண்டும். சிகிச்சை எடுக்காதவர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நோயைப் பரப்புவார். துளசிக் கஷாயமோ தீவின் மூலிகைத் தேநீரான தீசானோ தொண்டைக்கு இதமாக இருக்கலாம், கிருமியை அழிக்காது. இத்தீவில் வாசல் ஏறும் ஒவ்வொருவரும் கன்னத்தில் முத்தமிடும் வழக்கம் இருக்கிறது. குழந்தையின் கன்னத்தை மட்டும் சில மாதங்களுக்கு விட்டுவிடச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. சேனை வைக்கும் பெரியவருக்கு இருமல் இருந்தால் வேறொருவர் வைக்கட்டும். யார் வைத்தாலும் அதில் தேன் வேண்டாம்; ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்தானது.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை கக்குவானில் இருமாமலேயே இருக்கலாம் என்பதையும் அறிந்திருங்கள். பால் குடிக்க மறுப்பது, முகம் சிவந்து பின் நீலம் பாய்வது, மூச்சு சற்று நேரம் நின்று நின்று வருவது ஆகியவையே அதில் தெரியும் அடையாளங்கள். அவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வரட்டும் என்று காத்திராமல் உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழைத்து, பிள்ளையின் வயதை வாரக் கணக்கில் சொல்லி, வீட்டில் யாருக்கு எத்தனை நாளாக இருமல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.