மணாலிப் பனியைத் தாப்பாவிலிருந்தே கணிப்பது எப்படி?

மலேசியாவின் தாப்பாவில் வியர்வையோடு பேருந்தேறி, கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் இறங்கியதும் சுவெட்டரைத் தேடியவர்களுக்கு, உயரம் கூடக் குளிர் கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் அதே கணக்குதான் இமயமலையிலும்.

டிசம்பர் விடுமுறையில் மணாலி செல்லவிருப்போர் முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது உறைநிலை உயரத்தை, அதாவது காற்றின் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும் உயரத்தை. விழும் பனி உருகச் சற்று நேரமாகும் என்பதால், அந்த உயரத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் கீழேயும் பனியாகவே இறங்கலாம். உறைநிலை 2,600 மீட்டரில் இருக்குமானால், சுமார் 2,050 மீட்டரிலுள்ள மணாலி நகரில் மழையும், 2,500 மீட்டரை ஒட்டிய சோலாங் பள்ளத்தாக்கில் பனியும் ஒரே மாலையில் பெய்யக்கூடும்.

குளிர் மட்டும் இருந்தால் போதாது, ஈரமும் வேண்டும். அதைப் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்னும் காற்றழுத்தத் தாழ்வு அமைப்பு கொண்டுவருகிறது; இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையில் இச்சொல்லைத் தேடுங்கள். 10 மில்லிமீட்டர் மழையைத் தோராயமாக 10 சென்டிமீட்டர் பனியாகக் கொள்ளலாம். கடுங்குளிரில் பனி பஞ்சுபோல் இலேசாகி இன்னும் உயரமாகக் குவியும். ஐந்து நாளுக்கு அப்பாற்பட்ட சென்டிமீட்டர் கணக்கை நான் நம்புவதில்லை. பெட்டி கட்டும் இரவில் மீண்டும் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் சோலாங்குக்கு வண்டி பேசுவதைத் தள்ளிவையுங்கள்.