கனடாவில் அண்ணன் இருக்கிறாரா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி, கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தில், டொரன்டோவிலிருக்கும் பெரியப்பா மகனை 'உடன்பிறந்தவர்' என்று நிரப்பப் போனார். நமக்கு அவரும் அண்ணன்தான், அங்கே செல்லாது. இருவருக்கும் அப்பா, அம்மாவில் ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடியுரிமையோ பிஆரோ (நிரந்தர வசிப்புரிமை) பெற்று அங்கேயே வசிக்கவும் வேண்டும். வெறும் வொர்க் பர்மிட் போதாது. எல்லாம் சரியாக இருந்தால் தரவரிசையில் கூடுதலாக 15 புள்ளிகள். கூட வரும் மனைவி அல்லது கணவரின் உடன்பிறப்புக்கும் இது உண்டு.

அத்தை, சித்தப்பா என்றால் இந்த 15 கிடையாது. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அடங்கும் திறன் தொழிலாளர் திட்டத்தில், தகுதி பெற 67 புள்ளிகள் எடுக்க வேண்டிய தனிப் பட்டியலில் 5 கிடைக்கும்.

அப்புறம், உடன்பிறந்தவர் என்று காட்ட, உங்கள், அண்ணன் இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ் என்றிருந்தால் இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள்.