காரணமின்றி ஹேங் ஆகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை அசையாமல் நின்றுவிடுவதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி ரீஸ்டார்ட் ஆவதும் வீட்டுக் கணினிகளில் அதிகம் எரிச்சலூட்டும் கோளாறுகள். காரணம் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), ரேம், ஹார்ட் டிஸ்க், சூடு, டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) என எதுவாகவும் இருக்கலாம். கோளாறு எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால், பலரும் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே எதையாவது மாற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அப்படிச் செய்யப்படும் முதல் காரியம் பெரும்பாலும் ஃபார்மட். என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கோளாறைப் பற்றி விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் பதிவுகள் ஃபார்மட்டில் முழுவதுமாக அழிந்துவிடுகின்றன. பழுது வன்பொருளில் இருந்தால் ஃபார்மட்டுக்குப் பிறகும் அது அப்படியே இருக்கும். ரேம் கெட்டிருக்கும் கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவினால், நிறுவும்போதே கோப்புகள் சிதைந்து புதிய குழப்பங்கள் சேர்ந்துகொள்ளும்.

ஹேங் ஆவதையும் ரீஸ்டார்ட் ஆவதையும் ஒரே நோயாகக் கருதுவது அடுத்த தவறு. திரை நின்றுபோனதும் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன், விசைப்பலகையில் ‘நம் லாக்’ (Num Lock) விசையைத் தட்டி, அதன் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். விளக்கு மாறினால் இயங்குதளம் உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; அப்போது கிராபிக்ஸ் டிரைவரின் மீதோ டிஸ்க்கின் மீதோதான் சந்தேகம் விழ வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை மீண்டுவிட்டால் தேடும் இடம் பெருமளவு சுருங்கிவிடும். விளக்கு மாறவே இல்லை என்றால் ரேம், பிராசசர், மதர்போர்டு, மின்சாரம் ஆகிய பக்கங்களில் தேட வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆகும் கணினியில், நீலத்திரை (விண்டோஸ் நிலைகுலையும்போது காட்டும் நீல நிறப் பிழைத்திரை) வந்து மறைந்ததா, மின்சாரம் போனதுபோல் சட்டென்று அணைந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நீலத்திரை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதிக்குச் சென்று அந்தத் தேர்வை நீக்கிவிட்டால், பிழையின் பெயரைப் படிக்கும் வரை திரை நிற்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறப்பவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முந்தைய முறை கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அது வரும். அதன் விவரங்களில் உள்ள பக்செக் கோட் எண்ணைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் நீலத்திரை வந்திருக்கிறது. பூஜ்யமாக இருந்தால், மின்சாரம் அறுபட்டதற்கோ, பதிவு எழுதக்கூட முடியாதபடி கணினி உறைந்ததற்கோ வாய்ப்பு அதிகம்.

கேம் ஆடும்போதும் வீடியோ எடிட் செய்யும்போதும் மட்டும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக அதை விடுவித்துவிடக் கூடாது. டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கலாம். கிராபிக்ஸ் கார்டு திடீரென அதிக மின்சாரம் இழுக்கும்போது சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் ஏற்படும் சரிவு மல்டிமீட்டரின் திரையில் தெரியாது. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த, போதிய திறனுள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தி ஓட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. அப்படி மாற்றும்போது, கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் உள்ள மாடல் என்றால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கமுள்ள பின்களின் அமைப்பு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பிளக் பொருந்திவிடுகிறது என்பதற்காக மாட்டினால், ஸ்விட்ச் போட்ட நொடியில் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகக்கூடும். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க முடியும்.

கணினிக்குள் தேடுவதற்கு முன் வெளியே உள்ள மின்சாரத்தைப் பார்க்கத் தவறுவதும் நம் வீடுகளில் வழக்கம். மோட்டார் போடும்போதோ கரண்ட் போய் வரும்போதோ மட்டும் ரீஸ்டார்ட் ஆனால், முதலில் யூபிஎஸ் பேட்டரியைச் சோதியுங்கள். இரண்டு மூன்று வருடம் ஆன பேட்டரி, விளக்கு எரிந்தாலும் சுமையைத் தாங்காமல் போகலாம். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருப்பவர்கள், அதன் பின்பக்க ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்தடை ஏற்பட்டதும் ஒரு எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடிதான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம்.

சூட்டைப் பொறுத்தவரை, பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது சோதனையாக மட்டும் பயன்படும். அதனால் கோளாறு நின்றால் காரணம் சூடுதான் என்று தெரிந்துவிடும். ஆனால் அதையே தீர்வாக வைத்துக்கொண்டால் தூசி இன்னும் அதிகமாகச் சேரும். இன்றைய பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். ஆகவே, வேகம் குறையாமல் நடக்கும் ரீஸ்டார்ட்டுக்கு வேறு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; வாக்யூம் கிளீனரை உள்ளே நுழைக்காதீர்கள், அதில் உருவாகும் நிலைமின்சாரம் சிப்களைக் கெடுக்கும்.

ரேமை அழிரப்பரால் தேய்த்து மாட்டியதும் கணினி ஓடினால் பழுது தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 பிளஸ் மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் அதைப் புறக்கணிக்கக் கூடாது. பிழை வந்தால் பயாஸில் (கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்கும், மதர்போர்டிலுள்ள மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை வழக்கத்தைவிட அதிக வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் தொடர்ந்தால், ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தால் கெட்டது எது என்று தெரியும்.

அரை நிமிடம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கும் ஹேங்கிற்கு டிஸ்க்கே முதல் சந்தேகம். ஈவென்ட் வியூவரில் 7, 129, 153 ஆகிய எண்களில் டிஸ்க் தொடர்பான பதிவுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இங்கே பலர் உடனே செக்டிஸ்க்கை (டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவி) ஓட்டுகிறார்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைத்தால், அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுத்து முடித்த பிறகுதான் எந்தச் சோதனையும். டிஸ்க்கின் நலனைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் சிஆர்சி பிழை (தரவு கடத்தப்படும்போது நேரும் பிழை) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மாற்றும் முன் அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும் கணினியில் பயாஸ் அப்டேட் செய்வது ஆபத்தானது. பாதியில் நின்றால் மதர்போர்டே இயங்காமல் போகலாம். ஆனால் அப்டேட்டே மருந்தாக அமையும் இடமும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் நிலையின்மை ஏற்பட்டதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டதோடு, அவற்றின் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசசரை அத்திருத்தம் குணமாக்காது. அந்த வகைப் பிராசசர் உள்ளவர்கள் புதிய ரேமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் செலவழிக்கும் முன் வாரண்டியைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரே நாளில் ரேமைத் துடைத்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் போட்டு, டிரைவரையும் மாற்றிவிட்டால், எதனால் சரியானது என்பது தெரியாமலே போகும். கோளாறு திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வந்த கோளாறு ஒரு மாலை முழுவதும் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. குறைந்தது பத்து நாளாவது வழக்கமான வேலைகளுடன் ஓட்டிப் பார்த்த பிறகே, அணைத்து வைத்த எக்ஸ்எம்பி போன்ற அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும்.