தோட்டப்புற ஊரிலிருந்து தொலைச் சர்வரில் கிராஸ் கம்பைல்: டாக்கர் கொள்கலனை அமைக்கும் முறை

பாடாங் செராய், லூனாஸ், பீடோங் போன்ற கெடா மாநிலத்துத் தோட்டப்புற ஊர்களில், பகலில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு, இரவில் வீட்டில் சிறு கருவிகளை உருவாக்கிப் பழகும் தமிழ் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பழைய மடிக்கணினியும், மாலை இடிமழையில் அறுந்துபோகும் இணைய இணைப்பும் அவர்களுடைய வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைல் பாரத்தைத் தொலைவிலுள்ள ஒரு சர்வரில், டாக்கர் என்னும் மென்பொருளின் கொள்கலனுக்குள் (தேவையான கருவிகளை உள்ளடக்கிய தனிச்சூழலுக்குள்) வைத்துவிட்டால், மடிக்கணினிக்கு எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பைத் திறக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது.

எடுத்துக்காட்டாக, செம்பனைத் தோட்டத்து நீர்த்தொட்டியின் மட்டத்தை உணரியால் அளந்து, அலுவலகத்துக்கு அனுப்பும் ஒரு சிப்ளஸ்பிளஸ் நிரலை எடுத்துக்கொள்வோம். அது ஓடப்போவது 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கணினிப் பலகையில். அதற்கு 512 மெகாபைட் நினைவகம்தான் உண்டு. டெம்ப்ளேட்டுகள் நிறைந்த ஒரு நிரலை அதன்மேலேயே கம்பைல் செய்ய முயன்றால், நினைவகம் போதாமல் கம்பைலர் பாதியில் நிறுத்தப்படும் வாய்ப்பு அதிகம். சர்வரோ எக்ஸ்86 வகைச் செயலியைக் கொண்டது. பலகையோ ஆர்ம் வகை. ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றுக்கான நிரலை உருவாக்கித் தரும் கிராஸ் கம்பைலர்தான் நமக்குத் தேவை.

முதலில் கருவியை அறிந்துகொள்ளுங்கள்

பலர் டாக்கரை நிறுவுவதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் சொல்வது வேறு: இலக்குக் கருவியில் உள்நுழைந்து, அதைப் பற்றிய மூன்று செய்திகளை எழுதி வைத்துக்கொண்ட பிறகே சர்வரைத் தொடுங்கள். செயலியின் வகை, இயங்குதளத்தின் கட்டமைப்பு, ஜிலிப்சி என்னும் அடிப்படை சி லைப்ரரியின் பதிப்பு ஆகியவையே அந்த மூன்று. கொள்கலனைப் பற்றி நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகள் எல்லாம் இவற்றையே சார்ந்திருக்கின்றன.

கட்டமைப்பை அறிய 'யூநேம்' கட்டளையை மட்டும் நம்பக் கூடாது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பற்றித்தான் பேசும். 32 பிட் ராஸ்பெர்ரி பை இயங்குதளம் சில பலகைகளில் 64 பிட் கெர்னலோடு தொடங்குவதால், 'யூநேம்' 64 பிட் என்று சொல்லும்போதே உள்ளே உள்ள லைப்ரரிகள் எல்லாம் 32 பிட்டாக இருக்கக்கூடும். மென்பொருள் தொகுப்புகளை நிர்வகிக்கும் 'டிபிகேஜி' கட்டளையிடம் கட்டமைப்பின் பெயரைக் கேட்பதே சரியான வழி. அது 'ஆர்ம்64' என்றோ 'ஆர்ம்ஹெச்எஃப்' என்றோ பதில் தரும்.

இந்த 'ஆர்ம்ஹெச்எஃப்' என்ற பெயரில் பலரை அலைக்கழிக்கும் ஒரு பொறி உண்டு. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 'ஆர்ம்ஹெச்எஃப்' ஆர்ம்வி7 செயலிகளுக்கானது. 32 பிட் ராஸ்பெர்ரி பை இயங்குதளமும் அதே பெயரைத்தான் சொல்கிறது. ஆனால் அது 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையிலும் 2015-இல் வந்த பழைய ஜீரோவிலும் உள்ள ஆர்ம்வி6 செயலிகளிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டது. டெபியனின் கிராஸ் கம்பைலரால் உருவான நிரலைப் பழைய ஜீரோவில் ஏற்றினால், ஏற்றுக்கொள்ள முடியாத கட்டளை என்ற பிழையோடு அது நின்றுவிடும். கம்பைலருக்கு ஆர்ம்வி6 என்று குறிப்புக் கொடுத்தாலும் பயனில்லை. ஏனெனில், நிரலோடு சேர்ந்து இணைக்கப்படும் தொடக்கக் கோப்புகளும் கம்பைலரின் துணை லைப்ரரியும் ஏற்கெனவே ஆர்ம்வி7-க்காக உருவாக்கப்பட்டவை. பழைய ஜீரோதான் உங்களிடம் இருக்கிறது என்றால், 'கிராஸ்டூல் என்ஜி' என்ற கம்பைலர் உருவாக்கும் கருவியைக் கொண்டு ஆர்ம்வி6-க்கான கம்பைலரைத் தனியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை, 64 பிட் இயங்குதளம் ஏற்றிய ஜீரோ 2 டபிள்யூதான். அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் டெபியனின் 'ஆர்ம்64' என்பதால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது ஜிலிப்சி. 'எல்டிடி' கட்டளையிடம் பதிப்பைக் கேட்டால் தெரிந்துவிடும். டெபியன் 11-இல் அது 2.31, டெபியன் 12-இல் 2.36, டெபியன் 13-இல் 2.41. பழைய ஜிலிப்சியோடு இணைத்து உருவாக்கிய நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடும். புதியதோடு இணைத்தது பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. குறிப்பாக, 2.34 பதிப்பில் நூலிழைகளைக் கையாளும் லைப்ரரி முதன்மை லைப்ரரிக்குள் சேர்க்கப்பட்டது. நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறும் அப்போது புதிய பதிப்பு எண்ணைப் பெற்றது. அதனால் 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சியோடு இணைக்கப்பட்ட மிக எளிய நிரல்கூட, டெபியன் 11 ஓடும் பலகையில் தொடங்க மறுக்கும். ஆகவே கொள்கலன் உருவாகும் அச்சான அடிப்படை இமேஜ் புதியதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பலகையில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதே பதிப்பு கொள்கலனிலும் இருக்கட்டும். வயலில் பல பலகைகள் இருந்தால், அவற்றுள் மிகப் பழையதே அளவுகோல்.

சர்வர்

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாத வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர் போதும். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய மேசைக் கணினியை ஒருவர் வீட்டில் வைத்துப் பகிர்ந்துகொள்வதும் நல்ல ஏற்பாடே. அப்படி வைத்தால், மின்சாரம் போய்த் திரும்பியதும் தானாக இயங்கும்படி பயாஸ் அமைப்பை மாற்றிவிடுங்கள். யூபிஎஸ் ஒன்றும் இருக்கட்டும். செயலியின் கருக்களை விட நினைவகத்தையே கவனித்து வாங்குங்கள். கனமான சிப்ளஸ்பிளஸ் நிரல்களில் இணையாக ஓடும் ஒவ்வொரு கம்பைல் பணிக்கும் 1 முதல் 2 ஜிகாபைட் வரை ஒதுக்கிக் கணக்கிட்டால் பாதுகாப்பு. 4 ஜிகாபைட் சர்வரில் எட்டுப் பணிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால், கெர்னல் ஏதேனும் ஒன்றைக் கொன்றுவிடும்; உங்களுக்குத் திரையில் தெரிவது கம்பைலர் 'கொல்லப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. சர்வரில் லினக்ஸ் நிறுவி, டாக்கரை அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

கொள்கலனைக் கட்டுதல்

கொள்கலனைக் கட்டும் குறிப்புகளைக் கொண்ட டாக்கர்ஃபைலின் முதல் வரியில் டெபியன் 12-இன் இமேஜை அடிப்படையாகக் குறிப்பிடுங்கள். நம் பலகையில் இருப்பதும் அதே பதிப்பு என்று கொள்வோம். அதன்மேல் 'கிராஸ்பில்ட் எசென்ஷியல் ஆர்ம்64' தொகுப்பு, கம்பைல் பணிகளை ஒழுங்குபடுத்தும் சிமேக், நிஞ்ஜா, மூல நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷ், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், இணைப்பு அறுந்தாலும் அமர்வைத் தொடரவைக்கும் டிமக்ஸ், பல கட்டமைப்புகளைப் புரிந்துகொள்ளும் பிழைதேடு கருவி ஜிடிபி, ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் ஆகியவற்றை நிறுவுங்கள். பிறகு 'டிபிகேஜி' கட்டளையால் 'ஆர்ம்64' கட்டமைப்பைக் கூடுதலாகச் சேர்த்தால், நிரலுக்குத் தேவைப்படும் லைப்ரரிகளின் மேம்பாட்டுத் தொகுப்புகளைப் பெயரின் பின்னால் ஒரு முக்காற்புள்ளியும் 'ஆர்ம்64' என்ற சொல்லும் இட்டு நேரடியாக நிறுவலாம். பலகையும் கொள்கலனும் ஒரே டெபியன் பதிப்பில் இருப்பதன் பெரும் பயன் இதுதான்.

கொள்கலனுக்குள் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராக வேலை செய்ய வேண்டாம். சர்வரில் உங்கள் பயனர் எண் என்னவோ, பெரும்பாலும் அது 1000, அதே எண்ணோடு கொள்கலனுக்குள்ளும் ஒரு பயனரை உருவாக்குங்கள். இல்லையெனில் பகிரப்பட்ட கோப்புறையில் உருவாகும் கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகி, வெளியிலிருந்து அழிக்கக்கூட முடியாமல் போகும்.

எஸ்எஸ்எச் சேவையைக் கொள்கலனின் முதன்மைச் செயலாக வைக்கும்போது, அதைப் பின்னணிக்குப் போகவிடாமல் முன்னணியிலேயே ஓடும்படி இயக்க வேண்டும். முதன்மைச் செயல் முடிந்தால் கொள்கலனும் முடிந்துவிடும். அந்தச் சேவை எதிர்பார்க்கும் 'ரன்' கோப்புறைக்குள்ளான 'எஸ்எஸ்எச்டி' என்ற கோப்புறையையும் முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: டாக்கர்ஃபைலில் நீங்கள் அமைக்கும் சூழல் மாறிகள் எஸ்எஸ்எச் வழியாக நுழைபவருக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் எஸ்எஸ்எச் ஒவ்வொரு முறையும் புதிய சூழலைத் தொடங்குகிறது. கம்பைலரின் பாதையும் சிகேஷின் இடமும் போன்றவற்றை 'ஈடிசி' கோப்புறையிலுள்ள புரொஃபைல் அமைப்பில் எழுதிவிடுவதே நிலையான தீர்வு.

கொள்கலன் எப்போது வேண்டுமானாலும் அழிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படும் பொருள் என்பதால், அழியக் கூடாத மூன்றை டாக்கர் வால்யூம்கள் என்னும் தனிச் சேமிப்பிடங்களில் வெளியே வையுங்கள்: மூல நிரல், சிகேஷின் சேமிப்பு, எஸ்எஸ்எச் சேவையின் அடையாளச் சாவிகள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், கொள்கலனைக் கட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை மடிக்கணினியில் எழும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கப் பழகிவிட்டால், உண்மையிலேயே எவரேனும் இடையில் புகும் நாளில் எச்சரிக்கைக்குப் பொருள் இருக்காது.

பாதுகாப்பான நுழைவு

கடவுச்சொல் நுழைவையும் ரூட் நுழைவையும் முற்றிலுமாக நிறுத்தி, சாவி வழி நுழைவை மட்டும் அனுமதியுங்கள். அதைவிட முக்கியமானது, இணைப்புகள் உள்ளே வரும் வாயிலான போர்ட். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறக்கும்போது, கெர்னலின் ஐபி விதிகளைத் தானே மாற்றி எழுதுகிறது. அதனால் உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை மூடியிருப்பதாக நீங்கள் நினைத்தாலும், அது இணையம் முழுவதற்கும் திறந்தே இருக்கும். கொள்கலனின் 22-ஆம் போர்ட்டைச் சர்வரின் 127.0.0.1 முகவரியிலுள்ள 2222-ஆம் போர்ட்டோடு மட்டும் இணையுங்கள். மடிக்கணினியின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில், முதலில் சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து கொள்கலனுக்குத் தாவும்படி 'பிராக்ஸிஜம்ப்' வரியை எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் உள்ளே போய்விடலாம். விஎஸ் கோடு பயன்படுத்துபவர்களுக்கும் இதே அமைப்பு அப்படியே வேலை செய்யும். வீட்டில் வைத்த சர்வருக்குப் பொது ஐபி முகவரி கிடைக்கவில்லை என்றால், வயர்கார்டு போன்ற தனிவழிப் பிணையத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கம்பைல் வேலையை எப்போதும் டிமக்ஸுக்குள் தொடங்குங்கள். இடியில் இணைப்புப் போனாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப வந்து அதே அமர்வோடு இணைந்தால் விட்ட இடம் கண்முன் இருக்கும்.

சிமேக்குக்குச் சொல்ல வேண்டியவை

எந்த இலக்குக்கு எந்தக் கம்பைலர் என்று சிமேக்குக்குச் சொல்லும் டூல்செயின் கோப்பில், இலக்கு இயங்குதளம் லினக்ஸ் என்றும், செயலி 'ஏஆர்ச்64' என்றும், சி, சிப்ளஸ்பிளஸ் கம்பைலர்களின் முழுப்பெயர்கள் எவை என்றும் குறிப்பிடுங்கள். லைப்ரரிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பேக்கேஜ் கான்ஃபிக் கருவியின் தேடுபாதையையும் 'ஆர்ம்64' கோப்புறையை நோக்கித் திருப்ப வேண்டும்; இல்லையேல் அது கொள்கலனின் சொந்த எக்ஸ்86 லைப்ரரிகளைக் கண்டெடுத்துத் தந்துவிடும், பிழை இணைக்கும் கட்டத்தில்தான் தெரியும்.

பலகையில் டெபியன் களஞ்சியத்தில் இல்லாத லைப்ரரிகள் இருந்தால், பலகையின் லைப்ரரிக் கோப்புறைகளை ஆர்சிங்க் மூலம் நகலெடுத்து ஒரு சிஸ்ரூட்டாக, அதாவது கம்பைலர் பலகையின் கோப்பு அமைப்பாகக் கருதும் கோப்புறையாக, வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆர்சிங்கில், கோப்புறைக்கு வெளியே சுட்டும் இணைப்புகளை உண்மைக் கோப்புகளாக நகலெடுக்கும் விருப்பத்தைக் கட்டாயம் சேருங்கள். மூல வேரிலிருந்து தொடங்கும் குறியீட்டு இணைப்புகள் அப்படியே வந்தால், அவை கொள்கலனின் சொந்த லைப்ரரிகளைச் சுட்டத் தொடங்கிவிடும். டூல்செயின் கோப்பில், நிரல்களை சிஸ்ரூட்டில் தேட வேண்டாம், லைப்ரரிகளையும் தலைப்புக் கோப்புகளையும் அங்கே மட்டும் தேடு என்றும் எழுதுங்கள்.

சரிபார்த்தல், அனுப்புதல், பிழை தேடுதல்

நிரல் உருவானதும் 'ஃபைல்' கட்டளையால் அது ஆர்ம் 64 பிட் நிரல்தானா என்று பாருங்கள். 'ரீட்எல்ஃப்' கட்டளையால் அது கேட்கும் ஜிலிப்சி பதிப்பையும் பார்த்து, முதலில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சிறு சோதனைகளை, வேறு வகைச் செயலியைப் போல நடிக்கும் கீமு மென்பொருளின் பயனர் நிலைப் பாவனையில் சர்வரிலேயே ஓட்டிவிடலாம். உணரியைத் தொடும் பகுதியைப் பலகையில்தான் சோதிக்க முடியும்.

பலகைக்கு அனுப்பும் நகலிலிருந்து பிழைதேடல் தகவல்களை நீக்கிவிடுங்கள். கோப்பு வெகுவாகச் சிறுத்து, மெதுவான இணைப்பிலும் விரைவில் போய்ச் சேரும். நீக்கப்படாத மூல நகல் சர்வரிலேயே இருக்கட்டும், பிழை தேடும்போது ஜிடிபி அதையே படிக்கும்.

பலகை வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருப்பதால் தொலைச் சர்வரால் அதை நேரடியாக எட்ட முடியாது. மடிக்கணினி இரண்டையும் அறியும் என்பதால், கொள்கலனோடு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறக்கும்போதே ஒரு எதிர்த்திசைச் சுரங்கத்தையும் திறந்து, கொள்கலனின் 3333-ஆம் போர்ட்டுக்கு வருவதைப் பலகையின் 3333-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். பலகையில் ஜிடிபி சர்வரை அந்தப் போர்ட்டில் ஓடவிட்டு, கொள்கலனில் ஜிடிபியைத் திறந்து அதே எண்ணில் இணைந்தால், வரி வரியாக நிரலை நகர்த்திப் பார்க்கலாம். இணைவதற்கு முன் ஜிடிபிக்குச் சிஸ்ரூட்டின் இடத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது ஒவ்வொரு லைப்ரரியையும் பலகையிலிருந்து அந்தச் சுரங்கத்தின் வழியாகவே இழுக்கத் தொடங்கி, நிரலின் முதல் வரியைக் காட்டுவதற்கே நெடுநேரம் காத்திருக்க வைக்கும்.