பேய் அனிமேயில் ஆண்டான் யார், அடிமை யார்? பிடிக்கும் வழி

யார் முழந்தாளிடுகிறான் என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பிளாக் பட்லர் என்ற ஜப்பானிய அனிமேயில் வேலைக்காரனாக வரும் செபாஸ்டியன் என்ற பேய் தேநீர் ஊற்றுகிறான், சப்பாத்துக் கட்டிவிடுகிறான், சியேல் என்ற சின்னப் பெடியன் கட்டளை போட்டதும் தலை குனிகிறான், ஆனால் ஒப்பந்தம் முடிகிற நாளில் அந்தப் பெடியனின் ஆன்மாதான் அவனுக்குக் கூலி. அதனால் கேட்க வேண்டியது வேறு: கட்டளையை மீறினால் என்ன நடக்கும், விட்டுப் போக வழி இருக்கிறதா, கடைசியில் இலாபம் யாருக்கு?

இதை டீமன் ஸ்லேயர் என்ற அனிமேயில் போட்டுப் பாருங்கள். பேய்களின் தலைவன் முஸானின் பெயரை ஒரு பேய் வாய்விட்டுச் சொன்னாலே அவன் இரத்தத்திலுள்ள சாபம் அந்தப் பேயைக் கொன்றுவிடும். 2019இல் வந்த முதல் சீசனின் கடைசி அத்தியாயத்தைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள்: கீழ்நிலைப் பேய்கள் ஐந்தைக் கூப்பிட்டு, மனதுக்குள் நினைத்ததற்கே ஒன்றைக் கொல்கிறான், ஓடினதையும் விடவில்லை, உங்கள் கையால் சாவதே சந்தோசம் என்று உருகுகிற என்மு மட்டும் தப்பி, மேலதிக இரத்தமும் வாங்கிக்கொள்கிறான். இவ்வளவு அதிகாரம் உள்ளவன் வெயிலுக்குப் பயந்து ஆயிரம் வருசமாக ஒளிந்து திரிகிறான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விட்டுப் போக வழி உண்டா என்றால் உண்டு, தமயோ என்ற பேய் போனாள், தன் உடம்பைத் தானே மாற்றி.

செயின்சா மேன் என்ற அனிமேயை முடிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டுங்கள். தன்னைவிடக் கீழ் என்று நினைப்பவர்களை ஆட்டிவைப்பதுதான் பேய் வேட்டை அதிகாரியாக வரும் மகிமாவின் சக்தி. தனக்குக் கீழ் வேலை செய்யும் டென்ஜிக்கு அவள் கொடுப்பது சாப்பாடும் அன்பான பேச்சும், அவனை நாயாக வைத்திருக்க அதுவே போதுமாக இருக்கிறது. எனக்கு முஸானைவிட இவளில்தான் பயம் கூட.

நல்லூரில் சூரன் போர் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆண்டவனே அடிமையாகிற கதை ஏற்கெனவே தெரியும். 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்ட சூரனுக்கு அந்த ஆட்சியே சிவன் கொடுத்த வரம், கடைசியில் சேவலும் மயிலுமாகி முருகனுக்குக் கொடியும் வாகனமும் ஆகிறான். ஆனால் அவனையும் செபாஸ்டியனையும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், சூரனுக்குக் கிடைத்தது அருள், செபாஸ்டியன் செய்வது வியாபாரம்.

தனியாகப் பார்ப்பதைவிடச் சிநேகிதர்களோடு பார்த்துக் கதைப்பது நல்லது. புராணப் படிப்பு மாதிரி, ஒருவர் காட்சியை நிறுத்தி நடந்ததைச் சொல்ல, மற்றவர் அதற்குப் பயன், அதாவது விளக்கம், சொல்லட்டும். முதலில் பிளாக் பட்லரை எடுங்கள், அதில் ஒப்பந்தம் வெளிப்படையாக இருப்பதால் சண்டை பிடிக்கச் சுகம்.