வெளிநாட்டில் நாம் வாழும் ஊரைப் பார்க்க நண்பர்கள் வந்தால்

முதல் நாள் அருங்காட்சியகம், கோபுரம் எதுவும் வேண்டாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடம்பின் கடிகாரம் புது ஊரின் நேரத்தை நோக்கி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிப் பறந்து வந்தவர்களுக்கு இன்னும் சிரமம். அதைத் திருத்துவது பகல் வெளிச்சம்தான். அதனால் நான் அவர்களை வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மெதுவாக நடத்திக் கூட்டிப்போவேன். அங்கேயே பயண அட்டை வாங்கி, வாயிலில் எப்படிக் காட்டுவது, எந்த நடைமேடைக்குப் போவது என்று அவர்கள் கையாலேயே செய்ய வைத்துவிட்டால், அப்புறம் தைரியம் தானாக வரும்.

முன்பதிவு தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமையில் பல அருங்காட்சியகங்கள் திறக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இங்கே வந்த புதிதில் நான் குடியிருந்த தெரு, வேலை தேடிய நாட்களில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்த பொது நூலகம். நண்பர்கள் அதைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். அதற்கென்று ஒரு மாலையை ஒதுக்குங்கள், அவசரப்படாமல்.

ஒரு நாள் அவர்களைத் தனியாகவும் சுற்றவிடுங்கள். வீட்டு முகவரியை உள்ளூர் மொழியில் தாளில் எழுதிக் கொடுத்தால், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் டாக்ஸி ஓட்டுநரிடம் காட்டலாம்.