மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் லேபில் ஒரு மாணவி ஓடி வந்து, "அக்கா, மருந்து போட்டதும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ரெண்டு மடங்கு ஆயிடுச்சு" என்றாள். அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அச்சு அசலாக அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு நானும் இரவெல்லாம் தூங்காமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பைப்பெட் பிடிப்பது, குழாயில் பெயர் எழுதுவது இதெல்லாம் எந்த லேபிலும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எடைக்கல் மாறாது என்று நம்புவது

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? டிஎன்ஏ-வைப் பெருக்கி அளக்கும் பிசிஆரில் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றையும் உட்கரு மரபணு ஒன்றையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறோம். அதாவது உட்கரு டிஎன்ஏ-வைத் தராசின் எடைக்கல்லாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் போடும் மருந்து அந்தக் கல்லையே மாற்றிவிட்டால்?

இரண்டு டிஎன்ஏ-வுக்கும் நகலெடுக்கும் ஒழுங்கு வேறு. உட்கருவில், நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே ஓஆர்சி, சிடிசி6, சிடிடி1 ஆகிய புரதங்கள் சேர்ந்து, டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் எம்சிஎம் புரத வளையங்களை டிஎன்ஏ-வின் தொடக்க இடங்களில் மாட்டி வைக்கின்றன. நகலெடுக்கும் கட்டமான எஸ் கட்டம் தொடங்கியதும், செல் சுற்றை நகர்த்தும் சிடிகே நொதிகளின் வேலை கூடுகிறது, ஜெமினின் என்ற புரதம் வந்து சிடிடி1-ஐப் பிடித்துக்கொள்கிறது, அதன் பிறகு புதிதாக எம்சிஎம் வளையம் மாட்ட முடியாது. அதனால் ஒரு செல் சுற்றுக்கு (ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவு வரை) ஒரே நகல். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. மனிதரில் 16,569 எழுத்துகள் கொண்ட அந்தச் சின்ன டிஎன்ஏ வளையம் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், பல செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். எந்த வளையம் எப்போது நகலாகும் என்பது தற்செயல். லேபில் வளர்க்கும் எல் செல்கள் என்ற எலிச் செல்களில் செல் சுற்று முழுவதும் இது நடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் போகன்ஹேகனும் கிளேட்டனும் 1977-லேயே காட்டிவிட்டார்கள். ஒரே சுற்றில் ஒரு வளையம் இரண்டு முறை நகலாகலாம், பக்கத்து வளையம் சும்மா கிடக்கலாம். பிரியவே பிரியாத நரம்பு செல்லிலும் இந்த வேலை நிற்பதில்லை. நகலெடுக்கும் நொதியும் வேறு: உட்கருவில் ஆல்ஃபா, டெல்டா, எப்சிலான் பாலிமரேஸ்கள், இங்கே காமா.

இதையெல்லாம் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனாலும் ஏமாந்தேன். நான் சோதித்த மருந்து செல்களை எஸ் கட்டத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டது. உட்கரு நகலாகவில்லை, செல் பிரியவில்லை, ஆனால் செல் தின்றுகொண்டும் பெருத்துக்கொண்டும் இருந்தது, மைட்டோகாண்ட்ரியாவும் தன் பாட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தது. விகிதம் ஏறாமல் என்ன செய்யும்? நானோ "மருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது" என்று எழுதி, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வைப் பொதிந்து வைக்கும் டிஃபாம் புரதத்துக்கும் இன்னும் நாலைந்து புரதங்களுக்கும் ஆன்டிபாடி வாங்கி, ஐந்து மாதம் துரத்தினேன்.

ஒரு சாயங்காலம் வேறு எதற்கோ செல்களை எண்ணினேன். மருந்து போடாத தட்டில் மூன்று மடங்கு செல்கள் இருந்தன. அதை வைத்துக் கணக்குப் போட்டால், தட்டு முழுவதையும் சேர்த்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ என் மருந்துத் தட்டில்தான் குறைவு. மறுநாள் என் மருந்துக்குப் பதிலாக அஃபிடிகோலின் என்ற பொருளைப் போட்டுப் பார்த்தேன். அது உட்கருப் பாலிமரேஸ்களை நிறுத்தும், காமாவைத் தொடாது. அப்படியே என் "கண்டுபிடிப்பின்" வரைபடம் வந்தது. எண்ணுவதற்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆகவே முதல் நாளும் கடைசி நாளும் செல்லை எண்ணுங்கள். டிஎன்ஏ-வில் ஒட்டும் புரோப்பிடியம் அயோடைடு சாயமேற்றி, செல்கள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள். விகிதத்தோடு தட்டின் மொத்தக் கணக்கையும் போடுங்கள். பக்கத்தில் ஒரு அஃபிடிகோலின் தட்டு கட்டாயம் இருக்கட்டும்.

ஹீலா செல்லில் விகிதத்தை 2-ஆல் பெருக்குவது

செய்யாதீர்கள். சாதாரணச் செல்லில் உட்கரு மரபணு இரண்டு நகல் இருக்கும் என்பதால்தான் அந்த 2. ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்லிலோ பெரும்பாலும் 76 முதல் 80 குரோமோசோம்கள், 46 இல்லை.

சைட்டோபிளாசப் புள்ளிகளை அழுக்கு என்று ஒதுக்குவது

புதிதாக நகலாகும் டிஎன்ஏ-வைக் காட்டும் ஈடியு சாயத்தில் உட்கரு பளிச்சென்று எரியும்போது சுற்றிலும் மங்கலாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், அவை நகலாகிக்கொண்டிருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வாக இருக்கலாம். அஃபிடிகோலின் போட்டால் உட்கரு அணைந்துவிடும், புள்ளிகள் நிற்கும். மைட்டோகாண்ட்ரியா சாயத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

எலியில் சரியாக இருந்ததை நம்பி நிற்பது

1993-ல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி-க்கு ஃபயாலூரிடின் மருந்தை 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்குக் கல்லீரல் கெட்டது, 5 பேர் இறந்தார்கள். விலங்குச் சோதனைகளில் இந்த ஆபத்து பிடிபடவில்லை. அது டிஎன்ஏ எழுத்தைப் போலிருக்கும் நியூக்ளியோசைடு வகை மருந்து, பாலிமரேஸ் காமா அதை மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வுக்குள் கோத்துவிடும். மனித மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் அதை உள்ளே ஏற்றும் இஎன்டி1 என்ற கடத்தி இருக்கிறது, எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை. நியூக்ளியோசைடு மருந்து எதைத் தொட்டாலும் எனக்கு இந்த 5 பேர் நினைவுக்கு வருவார்கள்.

பிரைமரைச் சோதிக்காமல் விடுவது

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வின் பழைய துண்டுகள் உட்கரு குரோமோசோம்களிலும் ஒட்டிக் கிடக்கின்றன, பிசிஆரில் எதை அளப்பது என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டான உங்கள் பிரைமர் அதையும் பிடிக்கலாம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வே இல்லாத ரோ-ஜீரோ செல்லின் டிஎன்ஏ-வில் ஓட்டிப் பாருங்கள், ஒன்றும் வரக்கூடாது. அந்தச் செல்லை வளர்க்கும்போது ஊடகத்தில் யுரிடினும் பைருவேட்டும் சேர்க்க மறந்தால் செல்லே மிஞ்சாது.